இரவல் கையில் எழுந்த இசை

நோயோடு போராடிய இசைக்கலைஞர் என்றவுடன் மேலை இசையறிந்தோர் நினைவில் முதலில் எழும் பெயர் பேத்தோவனுடையது. செவிப்புலன் ஏறத்தாழ முற்றும் ஒடுங்கிய பின்னரே அவர் தம் ஒன்பதாம் சிம்பொனியை நிறைவு செய்து, 1824ஆம் ஆண்டு வியன்னாவில் அரங்கேற்றினார். அவருக்குக் காது இல்லையாயினும் கண் இருந்தது. எழுதக் கையும் இருந்தது. உள்ளத்துள் கேட்ட ஒலியைத் தாளில் பதிக்க அவர் பிறர் கையை நாடவேண்டிய நிலை ஏற்படவில்லை. அவர் காலத்திற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த ஆங்கில இசையமைப்பாளர் பிரெடரிக் டீலியஸின் நிலை இதற்கு நேர்மாறானது. கண் இருண்டது, காலும் கையும் முடங்கின. செவியும் சித்தமுமே எஞ்சின. அந்நிலையில் 1928ஆம் ஆண்டுக்குப் பின் அவர் இசை எழுதினார் என்பது இசை வரலாற்றில் உள்ள அரிய செய்திகளுள் ஒன்று. அதனை எவ்வாறு எழுதினார், யார் கையால் எழுதினார், அதற்கு யார் யார் விலை கொடுத்தனர் என்பனவே இங்கு ஆராயத்தக்கன.

கம்பளி வணிகரின் மகன்

டீலியஸ் 1862ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள பிராட்ஃபோர்டு நகரில் பிறந்தார். பெற்றோர் செருமானியர். தந்தை யூலியஸ், பீலஃபெல்ட் நகரிலிருந்து வந்து கம்பளி வணிகத்தில் செல்வம் திரட்டியவர். வீட்டில் இசை உண்டு. வந்து தங்கும் இசைவாணர்க்கு விருந்தும் உண்டு. எனினும் மகன் இசையையே தொழிலாகக் கொள்வதை அத்தந்தை ஏற்கவில்லை. வணிகத்தில் மனம் பொருந்தாத மகன் 1884இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றை நடத்தச் சென்றார். செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் இருந்த சொலானோ குரோவ் என்னும் அத்தோட்டத்தில் ஆரஞ்சு விளைந்ததோ இல்லையோ, இசை விளைந்தது. கறுப்பினத் தொழிலாளர் மாலை வேளைகளில் தமக்குள் குரலிணைத்துப் பாடிய பாடல்கள் ஆற்றின் மேல் மிதந்து வந்து அவர் உள்ளத்தில் படிந்தன. ஜாக்சன்வில் நகரத்து ஆர்கன் கலைஞர் தாமஸ் வார்டு அவருக்கு இசையிலக்கணம் கற்பித்தார்.

பின்னர்த் தந்தையின் இசைவோடு 1886இல் லைப்சிக் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கு நார்வே நாட்டு இசைமேதை கிரீக்கின் நட்பு வாய்த்தது. டீலியஸின் இசை வாழ்வு தொடரவேண்டும் எனத் தந்தையிடம் பரிந்து பேசியவர் கிரீக்கே. 1888 முதல் டீலியஸின் வாழ்க்கை பாரிஸ் நகரில் கழிந்தது. 1896இல் யெல்கா ரோசன் என்னும் செருமானிய ஓவியப் பெண்ணைச் சந்தித்தார். யெல்கா 1897இல், பொன்தேன்புளோ காட்டிற்கு அருகே லுவான் ஆற்றங்கரைச் சிற்றூராகிய கிரேயில் தோட்டத்தோடு கூடிய வீடொன்றை வாங்கினார். அவ்வீடே டீலியஸுக்கு இறுதிவரை உறைவிடமாயிற்று. இருவரும் 1903இல் மணம் செய்துகொண்டனர்.

அவ்வீட்டில்தான் டீலியஸின் பெரும்படைப்புகள் பிறந்தன. வால்ட் விட்மனின் கவிதைக்கு இசையமைத்த 'சீ டிரிஃப்ட்', நீட்சேயின் சொற்களைக் கொண்ட 'எ மாஸ் ஆஃப் லைஃப்', 'பிரிக் ஃபேர்', 1912இல் எழுதிய குயிற்பாட்டுச் சித்திரம் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முதலில் செருமனியிலும், 1907க்குப் பின் தாமஸ் பீச்சம் என்னும் இசைக்குழு நடத்துநரின் முயற்சியால் இங்கிலாந்திலும் அவர் பெயர் பரவியது. கழிந்துபோன இன்பத்தை எண்ணி ஏங்கும் குரல் அவர் இசை முழுவதும் இழையோடுகிறது. கடவுள் நம்பிக்கையோ மறுமை நம்பிக்கையோ அவருக்கு இல்லை. இவ்வுலகும் அதன் வேனிலுமே அவர் அறிந்த பேறுகள்.

உடல் ஒடுங்கிய ஆண்டுகள்

பாரிஸ் வாழ்க்கையின்போது சிபிலிஸ் என்னும் மேகநோய் அவரைப் பற்றியது. நெடுங்காலம் உடலுக்குள் உறங்கிக் கிடந்து, பின்னர் நரம்புகளையும் கண்ணையும் தாக்கும் இயல்புடையது அந்நோய். 1910ஆம் ஆண்டளவில் அதன் பின்விளைவுகள் வெளிப்படலாயின. 1920களின் தொடக்கத்தில் கைகள் எழுதுகோலைப் பிடிக்கும் வலுவை இழந்தன. 1923இல் லண்டன் மேடையேறிய 'ஹாசன்' நாடகத்திற்கான இசையின் பெரும்பகுதியை அவர் சொல்ல யெல்கா எழுதினார்; நண்பர் பெர்சி கிரெய்ஞ்சரும் உதவினார். அதே ஆண்டு நார்வேயில், டீலியஸ் மலைமேல் கதிரவன் மறைவதைக் காண விரும்பியபோது, கிரெய்ஞ்சரும் பிறரும் அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்து மலையேறினர். உச்சியில் முகில் சற்றே விலகிய சில கணங்களில் அக்காட்சி அவர்க்குக் கிட்டியது. அதன்பின் பார்வை விரைந்து குன்றியது. 1928க்குள் கண் முற்றும் இருண்டது, உடல் முடங்கியது, அடிக்கடி கடும் வலி தாக்கியது. செவிலியர் தூக்கிச் சென்று நாற்காலியில் அமர்த்தவும், பிறர் உணவூட்டவும், பிறர் படித்துக்காட்டவும் வேண்டியிருந்தது.

மருத்துவ வரலாறு இவ்விடத்தில் ஓர் இரங்கத்தக்க ஒப்புமையைக் காட்டுகிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் ஆய்வுக்கூடத் தட்டில் பென்சிலின் பூஞ்சையைக் கண்டது 1928ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில். அம்மருந்து இந்நோயைத் தீர்க்கும் எனத் தெளிவானதோ 1943இல். டீலியஸுக்கு அது பயன்படவில்லை. ஆனால் அதே 1928இன் இலையுதிர் காலத்தில் அவருக்கு வேறொரு துணை வந்து சேர்ந்தது.

ஸ்கார்பரோ இளைஞர்

எரிக் ஃபென்பி 1906இல் யார்க்ஷயரின் கடற்கரை ஊராகிய ஸ்கார்பரோவில் பிறந்தவர். பெரும்பாலும் தாமே முயன்று இசை கற்றவர். சிறுவயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். டீலியஸின் இசையில் ஆழ்ந்த பற்றுடைய அவ்விளைஞர், தம் உள்ளத்துள் இருக்கும் படைப்புகளை முடிக்க இயலாமல் அந்த முதியவர் வருந்துகிறார் என்னும் செய்தியை அறிந்தார். பல நாள் எண்ணிய பின், தாம் வந்து எழுதித் தர அணியமாக இருப்பதாக மடல் விடுத்தார். அழைப்பு வந்தது. 1928 அக்டோபரில், 22 வயதில், கிரே ஊரின் அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

அங்கே அவர் கண்டது கனவில் எண்ணிய கலைக்கூடம் அன்று. நிறைந்த அமைதியும் மாறாத நேர ஒழுங்கும் கொண்ட நோயாளியின் வீடு. வெண்மை பூத்த, எலும்பும் தோலுமான, கூர்மையான முகத்தோடு போர்வைக்குள் அமர்ந்திருந்த முதியவர் எளிதில் பாராட்டும் இயல்பினர் அல்லர். தம் காலத்து இசையமைப்பாளர் பலரையும் முந்தைய மேதைகள் சிலரையும் எள்ளிப் பேசுபவர். ஃபென்பி கத்தோலிக்கச் சமயப் பற்றுடையவர். அப்பற்றை டீலியஸ் இடைவிடாது இகழ்ந்தார்.

முதல்முறை இசையைச் சொல்ல முனைந்த நாள் பெருந்தோல்வியில் முடிந்தது. டீலியஸ் தலையைப் பின்சாய்த்து, சுருதியே இல்லாத கரகரத்த ஒற்றைக் குரலில் எதையோ இழுத்து முனகினார். எந்தச் சுரம், எந்தத் தாளம், எந்தக் கருவி என்பது ஃபென்பிக்கு விளங்கவில்லை. ஒரு குறியும் எழுத இயலாமல் மனமுடைந்து அவர் அறையை விட்டு வெளியேறினார். எளிய மெட்டு ஒன்றைக்கூட எழுதத் தெரியாத இளைஞன் என டீலியஸ் மனைவியிடம் குறைகூறியதும் அவர் காதில் விழுந்தது. ஆயினும் அவர் ஊர் திரும்பவில்லை. டீலியஸும் முயற்சியைக் கைவிடவில்லை.

சொல்லி எழுதுவித்தல்

புலவர் சொல்லப் பிறர் எழுதுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லிக்கொண்டே செல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தியை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ஆங்கிலத்தில் பார்வையிழந்த மில்டன் தம் பெருங்காப்பியத்தைச் சொல்லியே எழுதுவித்தார். ஆனால் கவிதை சொல்லால் ஆனது. வாயில் எழுந்த சொல்லே தாளில் எழுதும் சொல்லும் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் ஆகும். ஆர்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக் குழுவுக்கான இசை அத்தகையது அன்று. ஒரே நொடியில் வயலின்கள் ஒன்றை இசைக்கும். செல்லோக்கள் வேறொன்றை இசைக்கும். புல்லாங்குழலும் கொம்பும் தத்தம் வழியில் செல்லும். அவை அனைத்தும் ஒருசேர ஒலிப்பதே இசை. டீலியஸின் தனித்தன்மையோ, சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நுட்பமாக நிறம் மாறிச் செல்லும் அடுக்கிசையிலேயே இருந்தது. மெட்டை ஒருவாறு பாடிக் காட்டலாம். பத்துச் சுரங்களின் அடுக்கை ஒரு குரலால் பாடிக் காட்டல் இயலாது. பியானோவில் தொட்டுக் காட்டவும் அவருக்கு விரல் இல்லை.

ஆதலின் பாடுவதை விட்டுச் சொல்வதே வழியாயிற்று. ஏ, பி, சி என்னும் எழுத்துப் பெயர்களால் சுரத்தைக் கூறுவார். அது எத்தனை கால அளவு நீளும், அடுத்த தாளக்கூற்றுக்குள் தொடருமா, எந்தக் கருவிக்கு உரியது, மெலிதாகவா வலிதாகவா என்பனவற்றை வரிசையாகக் கூறுவார். ஒரு கருவியின் வரி முடிந்தபின் அதே இடத்திற்குத் திரும்பி அடுத்த கருவியின் வரியைச் சொல்வார். ஃபென்பி எழுதி, பியானோவில் வாசித்துக் காட்டுவார். டீலியஸ் கேட்டுத் திருத்துவார். முன்சொன்ன வரிகளையெல்லாம் மனத்தில் நிறுத்திக்கொண்டே அவர் இவ்வாறு அடுக்கவேண்டியிருந்தது. நாளடைவில் இருவர்க்கும் இம்முறை பழகியது. முதியவர் பெருவேகத்தில் சொல்ல, இளையவரின் எழுதுகோல் அவ்வேகத்தோடு ஓடவேண்டியதாயிற்று. அவ்வாறு உழைக்கும்போது டீலியஸ் உடல் நடுங்கிக் களைத்துப்போவார். வேலையை நிறுத்தி அவரைத் தூக்கிச் செல்ல நேரும். ஃபென்பி 1936இல் வெளியிட்ட தம் நூலில் இம்முறையை ஒரு தனிப்பகுதியில் இசைக்குறிகளோடு விளக்கியுள்ளார்.

இம்முறையில் முடமான உடலைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று இருந்தது. கையால் எழுதுபவர்க்குத் தயக்கம் ஒரு துணை. எழுதி, அடித்து, மீண்டும் எழுதித் தம் எண்ணத்தைத் தாமே கண்டறியலாம். சொல்பவர்க்கோ எண்ணம் முன்னரே உருப்பெற்றிருக்கவேண்டும். மங்கலான உணர்ச்சியை வேறொருவர் தாளில் இட இயலாது. டீலியஸ் தம் உள்ளத்துள் கேட்டதைச் சுரம் சுரமாகப் பெயர்சொல்லும் அளவிற்குத் தெளிவாகக் கேட்டார் என்பதே அவர் கலைவன்மைக்குச் சான்று.

கடலும் குன்றும்

இக்கூட்டுழைப்பில் உருவான படைப்புகள் சிலவாயினும் தகுதியுடையவை. முற்றுப்பெறாமல் கிடந்த 'சினாரா', 'எ லேட் லார்க்' ஆகியன முதலில் நிறைவு பெற்றன. தாமஸ் பீச்சம் 1929 அக்டோபர் 12 முதல் நவம்பர் 1 வரை லண்டனில் ஆறு நிகழ்ச்சிகள் கொண்ட டீலியஸ் விழாவை நடத்தியபோது இவையும் இசைக்கப்பட்டன. டீலியஸ் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்து, தம்மால் காண இயலாத பேரவையின் நடுவே தம் இசையைக் கேட்டார். தொடர்ந்து 1930இல் வயலினுக்கான மூன்றாம் சொனாட்டாவும், விட்மன் கவிதைகளைக் கொண்ட 'சாங்ஸ் ஆஃப் ஃபேர்வெல்' என்னும் விடைபெறு பாடல்களும் முடிந்தன. 1932இல் பழைய இசைநாடகம் ஒன்றின் பகுதிகளைக் கொண்டு 'ஐடில்' உருவாயிற்று.

இவற்றுள் 'எ சாங் ஆஃப் சம்மர்', அதாவது கோடைப்பாட்டு, தனியே நோக்கத்தக்கது. டீலியஸ் 1918இல் எழுதிய நீண்ட இசைப்பா ஒன்று அவருக்கே நிறைவு தராமல் கிடந்தது. அதனைப் பற்றி உள்ளதை உள்ளவாறு கூறுமாறு ஃபென்பியை அவர் பணித்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவ்விளைஞர், போற்றி வந்த முதியவரின் படைப்பில் எவை நிற்கும், எவை நில்லா என்பதைத் துணிந்து கூறினார். டீலியஸ் சினம் கொள்ளவில்லை. நல்ல பகுதிகளை வைத்துக்கொண்டு புதிய தொடக்கம் அமைக்கத் தீர்மானித்தார். அத்தொடக்கத்தைச் சொல்லுமுன், பூம்புதர் அடர்ந்த கடற்குன்றின்மேல் இருவரும் அமர்ந்து கடலை நோக்குவதாக எண்ணிக்கொள்ளுமாறு ஃபென்பியிடம் கூறினார். வயலின்களின் உயர்ந்த நீள்சுரம் தெளிந்த வானம். செல்லோக்களும் அவற்றினும் பெரிய தந்திக்கருவிகளும் எழுப்பும் ஏற்ற இறக்கம் அலைகளின் அசைவு. இடையே வரும் புல்லாங்குழல் காற்றில் மிதந்து செல்லும் கடற்பறவை. இவ்வாறு காட்சியை முதலில் பகிர்ந்து, பின்னரே சுரங்களைச் சொன்னார்.

கடலைக் கண்ணால் காணும் வாய்ப்பை என்றென்றைக்குமாக இழந்தவர், கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவரிடம் கூறிய சொற்கள் இவை. காட்சி இருவர்க்கும் பொதுவாயிற்று. சுரம் ஒருவர்க்கே உரியதாக நின்றது. 1931 செப்டம்பரில் ஹென்றி வுட் லண்டனில் நடத்திய நிகழ்ச்சியில் இப்படைப்பு முதன்முறை இசைக்கப்பட்டது. நோயின் கசப்போ முனகலோ அதில் இல்லை.

கொடுத்தவர் இருவர்

இவ்வரலாற்றை ஒரு மனிதரின் மனத்திண்மைக் கதையாக மட்டும் கூறுவது முறையாகாது. டீலியஸின் மனத்திண்மை மெய்யே. ஆனால் அத்திண்மை செயலாக மாறியதற்கு வேறிருவர் தம் வாழ்வின் பகுதிகளைக் கொடுத்தனர்.

யெல்கா தம்மளவில் தேர்ந்த ஓவியர். பாரிஸில் பயின்று, அங்குள்ள கண்காட்சிகளில் தம் படைப்புகளை வைத்தவர். கணவரின் நோய் முற்ற முற்ற அவர் தூரிகை ஓய்ந்தது. மடல்களை எழுதினார், நூல்களைப் படித்துக்காட்டினார், பாடல் வரிகளைச் செருமன் மொழியில் பெயர்த்தார், விடைபெறு பாடல்களுக்கான விட்மன் வரிகளைத் தேர்ந்து தொகுத்தவரும் அவரே. டீலியஸ் 1898இல் கொகேனிடமிருந்து வாங்கிய 'நெவர்மோர்' ஓவியம் பின்னாளில் விற்கப்பட்டபின், அவ்வீட்டுச் சுவரில் தொங்கியது யெல்கா வரைந்த அதன் படி. தம் சொந்த ஓவியத்திற்கு நேரமில்லாத ஒருவர் வாழ்ந்த வீட்டின் நிலையை அந்தப் படி சொல்லாமற் சொல்கிறது.

ஃபென்பி கொடுத்தது தம் இளமையின் ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலம். இடையிடையே தாய்நாடு சென்று திரும்பினார்; உளைச்சலால் உடல்நலம் கெட்டார். புகழ்ச்சி சிறிது, வசை மிகுதி. 1931இல் எழுதிய 'ஃபன்டாஸ்டிக் டான்ஸ்' என்னும் சிறிய படைப்பை டீலியஸ் அவருக்குக் காணிக்கையாக்கினார். ஃபென்பி தாமும் இசை எழுதியவர்; 1939இல் ஹிட்ச்காக்கின் 'ஜமைக்கா இன்' திரைப்படத்திற்கு இசையமைத்தார். எனினும் 1997இல் மறையும் வரை அவர் பெயர் டீலியஸின் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட்டது. கென் ரசல் 1968இல் இயக்கிய தொலைக்காட்சித் திரைப்படம் அவ்வீட்டுக் கதையைப் பல்லாயிரவர்க்கு அறிமுகம் செய்தது. 1981இல் ஃபென்பியே அக்காலப் படைப்புகளை இசைக்குழுவோடு நடத்திப் பதிவு செய்தார்.

யாருடைய இசை?

இறுதிக்காலப் படைப்புகளில் எவ்வளவு டீலியஸுடையது, எவ்வளவு ஃபென்பியுடையது என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஃபென்பி தம் பங்கை ஒருபோதும் மிகைப்படுத்தவில்லை. சொன்னதை எழுதியதாகவே கூறினார். ஆயினும் வெறும் எழுதுகருவியால் இப்பணி நிறைவேறியிராது. டீலியஸின் இசைமொழியைக் கற்றுத் தேர்ந்து, பாதி சொன்னபோதே மீதியை உணரவல்ல செவியும், உணர்ந்தும் அதனைத் தம் விருப்பிற்கு வளைக்காத அடக்கமும் வேண்டியிருந்தன. தாமே இசை எழுத வல்லவர் ஒருவர், தமக்குத் தோன்றிய சுரத்தை விலக்கி, பிறர் சொன்ன சுரத்தையே எழுதுதல் எளிய துறவு அன்று.

மதிப்பீட்டிலும் நடுநிலை வேண்டும். டீலியஸின் பெரும்புகழ் நோய் முற்றுமுன் எழுதிய படைப்புகளிலேயே நிலைபெற்றுள்ளது. இறுதிக்காலத்தன அளவில் சிறியன. பலவும் பழைய குறிப்புகளிலிருந்து எழுந்தன. நோய் அவருக்குப் புதிய ஆற்றலை நல்கவில்லை, இருந்ததைப் பறித்தது. துன்பமே கலைக்குத் தாய் எனப் பாடுவோர் இதனைக் கருதவேண்டும். எஞ்சிய சிறு பகுதியை வீணாகாமல் காத்தவை டீலியஸின் தெளிவும், யெல்காவின் பொறுமையும், ஃபென்பியின் கையுமே.

1934ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் டீலியஸ் மறைந்தார். அப்போது யெல்காவும் புற்றுநோயால் அறுவை செய்துகொண்டு மருத்துவமனையில் இருந்தார். இறுதி நேரத்திற்காக வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டார். ஃபென்பியும் உடனிருந்தார். கிரே ஊரில் அடக்கம் செய்யப்பட்ட உடல், டீலியஸின் விருப்பப்படி, 1935 மே 26ஆம் நாள் தென் இங்கிலாந்தின் லிம்ப்ஸ்ஃபீல்டு தேவாலய வளாகத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. பீச்சம் கல்லறை அருகே உரையாற்றினார். அதற்கென இங்கிலாந்து வந்த யெல்கா வழியில் நோயுற்றமையால் அந்நிகழ்ச்சியைக் காணவில்லை. மே 28ஆம் நாள் அவரும் உயிர்நீத்தார். அதே கல்லறையில் அடக்கமானார்.

படைப்பு தனிமனித உள்ளத்தில் பிறக்கிறது என்பர். அது மெய். ஆனால் பிறந்தது உலகை அடையப் பல நேரங்களில் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. கவிஞர்தம் பெயர் நிற்கும் ஏடுகளில், எழுதியவர், படியெடுத்தவர், படித்துக்காட்டியவர் பெயர்கள் நிற்பதில்லை. டீலியஸின் இறுதி ஆண்டுகளைப் பொறுத்தவரை அப்பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. கோடைப்பாட்டின் முதற்சுரங்கள் ஒலிக்கும்போது டீலியஸோடு யெல்காவையும் ஃபென்பியையும் நினைத்தல் அவ்விசைக்குச் செய்யும் நீதியாகும்.